சிரிகித் ராணியும் நாமும்: பாங்காக்கில் இருந்தவர்கள், இருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சீலோம் அக்கா

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை காலை. பால் வாங்கக் கீழே இறங்கினேன். கடைக்காரப் பெண் எப்போதும் பூப்போட்ட சட்டைதான் போடுவாள், அன்றைக்குக் கறுப்பு. என்ன ஆச்சு என்று கேட்கும் முன்பே "மே போய்விட்டார்" என்றாள். 'மே' என்றால் இங்கே அம்மா. அவளுடைய அம்மாதானோ என்று பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அப்புறம்தான் போனைத் திருப்பிக் காட்டினாள். சிரிகித் ராணி இறந்துவிட்டார். முந்தைய இரவு 9.21 மணிக்கு, சுலாலோங்கோன் மருத்துவமனையில், ரத்தத்தில் கிருமித் தொற்று, 93 வயது. தாய்லாந்தின் இப்போதைய மன்னர் வஜிரலோங்கோனின் அம்மா, பூமிபோல் மன்னரின் மனைவி.

வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெட்டியை இறக்கினேன். 2016 அக்டோபரில் பூமிபோல் மன்னர் இறந்தபோது ஊரில் ஒரு கறுப்புச் சட்டை மிச்சம் இல்லை, தெருவோரம் பெரிய அண்டாக்களில் சாயம் காய்ச்சி இருக்கிற துணியையே கறுப்பாக்கித் தந்தார்கள். நானும் ஒரு மஞ்சள் குர்த்தியைக் கொடுத்து முக்கி வாங்கினேன். அது இன்னும் இருந்தது. தையல் ஓரத்தில் மட்டும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. அதைத்தான் இந்த முறையும் போட்டுக்கொண்டேன்.

ராணியை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வருடா வருடம் ஆகஸ்ட் 12 அன்று என் மகன் பள்ளியில் அவரால் அழுதிருக்கிறேன். அவர் பிறந்த நாள்தான் இங்கே அன்னையர் தினம், 1976லிருந்து. அம்மாக்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள், பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு மல்லிகை மாலையைக் கொடுத்துக் காலில் விழுந்து கும்பிட வேண்டும். மல்லிகைக்கு இங்கே பெயர் 'மலி', மாலைக்கு 'மாலய்'. முதல் வருடம் அந்த இரண்டு சொல்லையும் ஒலிபெருக்கியில் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நம் வீட்டில் பிள்ளை இப்படிக் காலில் விழுந்தால் "என்னடா, காசு வேணுமா" என்போம்!

ஒரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. பேரனின் அம்மா வேறு மாகாணத்தில் வேலையாம். அந்தப் பையன் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பாட்டிதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு இது வதை என்று சொல்லும் தாய்லாந்துக்காரர்களும் உண்டு. எனக்கும் அதே எண்ணம்தான்.

உங்களுக்கு என்ன அனுபவம்?

நூல்பித்தன்

அக்கா, ஆகஸ்ட் முதல் வாரம் பாக் க்ளோங் பூச்சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? மல்லிகையை லிட்டர் கணக்கிலும் அளப்பார்கள், நம் ஊர் படி மாதிரி. அன்னையர் தினம் நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போகும்.

நான் துணி வியாபாரம். எனக்கு ராணியைத் தெரிந்தது துணி வழியாகத்தான். வேலை நிமித்தம் வடகிழக்கில் கோன் கேன் பக்கம் ஒரு நெசவுக் கிராமத்துக்குப் போனேன். அங்கே நெய்வது மட்மீ. போச்சம்பள்ளிப் புடவை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும், நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி அப்புறம் நெய்வது. ஆனால் இங்கே நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தொடமாட்டார்கள், குறுக்கே ஓடும் ஊடை நூலை மட்டும் கட்டுவார்கள். சட்டத்தில் நூலை விரித்து, பழைய பிளாஸ்டிக் நாரால் சின்னச் சின்னதாக முடிச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் கட்டி, மறுபடி முக்க வேண்டும். நெய்யும்போது ஊடை ஒரு இழை நகர்ந்தாலும் பூவின் ஓரம் கலங்கிப்போகும். எனக்கு அந்தக் கலங்கல்தான் அழகு, அந்த அம்மாவுக்கு அது தப்பு. விரலால் இழையைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டே இருந்தார். தறிக்கு மேலே ராணியின் படம், பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது.

1970ல் வெள்ளம் பார்க்க நக்கோன் பனோம் போன ராணி, வரவேற்க வந்த கிராமத்துப் பெண்கள் எல்லாரும் மட்மீ பாவாடை கட்டியிருந்ததைப் பார்த்து, எனக்கும் நெய்து தருவீர்களா என்று கேட்டாராம். பாங்காக்கில் இதை வேலைக்காரிகள்தானே கட்டுவார்கள், நீங்கள் நிஜமாகவே கட்டுவீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டதாக அந்த அம்மா சொல்லிச் சிரித்தார். ராணி கட்டினார். வெளிநாட்டுக்குப் போகும்போதும் கட்டினார். 1976ல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை, அயுத்தயா பக்கம் பாங் சாயில் கைத்தொழில் பயிற்சி நிலையம் என்று வளர்ந்தது. மழை பொய்த்தால் நெல் போய்விடும், வீட்டில் பெண் நெய்தால் கையில் காசு இருக்கும், அவ்வளவுதான் கணக்கு.

அரண்மனை வளாகத்திலேயே அவர் பெயரில் ஒரு துணி அருங்காட்சியகம் இருக்கிறது. தங்கக் கூரையைப் படம் எடுத்துவிட்டு எல்லாரும் அப்படியே வெளியே போய்விடுகிறார்கள். போகாதீர்கள். 1960ல் மன்னரோடு அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றக் கிளம்பியபோது, தாய்லாந்துக்கென்று தேசிய உடை ஒன்று உறுதியாக இல்லை. அறிஞர்களை வைத்துப் பழைய படங்களைத் தேடி எட்டு விதமான உடைகளை வகுத்தார்கள். மேலைநாட்டு உடைகளுக்குப் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் பியர் பால்மேன். ஒரு தோளை மட்டும் மூடும் 'சக்ரி' உடையை இன்றைக்கு ஒவ்வொரு கல்யாணப் பெண்ணும் ஆயிரம் வருடப் பழக்கம் மாதிரி போட்டுக்கொள்கிறாள். இந்த வடிவத்துக்கு எழுபது வயதுகூட ஆகவில்லை!

பழைய கணக்கர்

நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்லலாமா தெரியவில்லை. தொண்ணூறுகளில் பாங்காக்கில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை நடை மேம்பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டேன், போலீஸ்காரர் ஓடி வந்து இறங்கச் சொன்னார். அரச குடும்பம் போகும்போது தலைக்கு மேலே யாரும் நிற்கக் கூடாது. கீழே ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார், நானும் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒரு வண்டி நகரவில்லை. அப்புறம் கார்கள், ஒரு ஜன்னலில் மெதுவாகத் திரும்பிய ஒரு முகம், வெள்ளை முத்து. மூன்று நொடி இருக்கும். கிழவி இரண்டு கையும் கூப்பியபடி அழுதுகொண்டிருந்தார். நான் அப்போது நினைத்தது, ஆபீஸுக்கு என்ன காரணம் சொல்வது என்று.

மறுநாள் எங்கள் அலுவலகத்து மூத்த அம்மா ஒருவர் ஒரு மணிநேரம் கதை சொன்னார். அப்பா தூதராக இருந்ததால் ராணி பதின்ம வயதில் இருந்தது ஐரோப்பாவில். 1948ல் சுவிட்சர்லாந்தின் லோசான் பக்கம் பூமிபோல் ஓட்டிய கார் மோதி, அவருக்கு ஒரு கண் பார்வை போயிற்று. மருத்துவமனைக்குப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டதில்தான் நெருக்கம். 1950 ஏப்ரலில் கல்யாணம், ராணிக்கு 17, மன்னருக்கு 22. அடுத்த வாரமே முடிசூட்டு. 1956ல் மன்னர் சில நாள் பிக்குவாகத் துறவு பூண்டபோது 24 வயதில் இவர் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். இதெல்லாம் அந்த அம்மா தன் சொந்த நாத்தனார் கதை மாதிரி சொன்னார்.

மழைக்கு ஒதுங்கியவன்

எல்லாரும் மாலையாகவே போட்டால் எப்படி? 2008 அக்டோபரில், போலீஸோடு நடந்த மோதலில் இறந்த மஞ்சள் சட்டை (அரச ஆதரவு அணி) போராட்டக்காரப் பெண்ணின் இறுதிச் சடங்குக்கு ராணியே நேரில் போனார். எதிரணியான சிவப்புச் சட்டைக்காரர்கள் அதை மறக்கவே இல்லை. அப்போது என் டாக்ஸி ஓட்டுநர் வடகிழக்கு இசான் பகுதிக்காரர், வண்டியில் எப்போதும் அரசியல் பேசுவார். அன்றைக்கு ரேடியோவில் அந்தச் செய்தி வந்ததும் அணைத்துவிட்டு, இறங்கும் வரை வாயே திறக்கவில்லை. இங்கே 112ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ராஜநிந்தனைக்கு 3 முதல் 15 வருடம் உள்ளே. அதனால் யார் மனதில் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாது. பாசமும் நிஜம், அந்த மௌனமும் நிஜம்.

சீலோம் அக்கா

தம்பி சொல்வது சரிதான், என் கடைக்காரப் பெண்ணும் சில விஷயம் கேட்டால் "மழை வரும்போல" என்பாள்.

கணக்கர் அண்ணா, 2012ல் பக்கவாதம் வந்த பிறகு ராணி வெளியே தலைகாட்டுவதே அபூர்வம். என் மகனுக்கு அவர் ஆகஸ்டில் தெருவெங்கும் தொங்கும் இளநீலக் கொடிதான். இங்கே கிழமைக்கு ஒரு நிறம்; வெள்ளிக்கிழமை பிறந்தவர், அதனால் நீலம். போனதும் ஒரு வெள்ளிக்கிழமை.

நூல்பித்தன், போன வருடம் எனக்கு ஒரு மட்மீ துண்டு அன்பளிப்பாக வந்தது, கத்தரிப்பூ நிறம், இரண்டு மீட்டர். வெட்ட மனசில்லாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைத்தால் இழை விலகுமா? உள்துணி கொடுக்க வேண்டுமா?