மறு: ‘இலெக்ரிவ்’ – விருப்பப் பாடமா, தெரிவுப் பாடமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் தமிழில் எழுதுகிற உயிரியற் பொறியியல் கைநூலில் பாடத் திட்டமிடல் பற்றிய அத்தியாயம், ‘இலெக்ரிவ்’ (elective, பட்டப்படிப்பில் மாணவரே பார்த்து எடுக்கிற பாடம்) என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்ற ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. மற்ற அத்தியாயங்களில் சொல் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். இந்த அத்தியாயத்தை வைத்துத்தான் ஒரு பிள்ளை தன் நாலு வருடப் படிப்பை அடுக்கப்போகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> விருப்பப் பாடம் என்றே வைப்போம். எல்லாருக்கும் விளங்கும்.

கொக்குவில் அண்ணை எழுதியது. விளங்கும்தான் அண்ணை. எப்படி விளங்கும் என்பதில்தான் எனக்குக் கவலை. ‘விருப்பம்’ என்றால் விரும்பினால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம். உயர்தரம் படிக்கிற பிள்ளையும் தாய் தகப்பனும் அப்படித்தான் எடுப்பார்கள். “விருப்பப் பாடந்தானே, அதை விட்டிட்டு மற்றதைப் படி” என்று எத்தனை வீட்டில் சொல்லுவார்கள்! எங்கள் இலங்கைத் தேர்தலையே பாருங்கள். கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு, அதன் வேட்பாளர்களுக்கான விருப்பு வாக்கைப் போடாமல் விட்டாலும் வாக்குச் செல்லும். ‘விருப்பு’ என்ற சொல் எங்கள் நாட்டில் அந்தப் பொருளோடுதான் பழகியிருக்கிறது.

பட்டப்படிப்பில் இலெக்ரிவ் அப்படிப்பட்டதல்ல. எதை எடுப்பது என்பது உங்கள் கையில். எடுக்காமல் விடுவது உங்கள் கையில் இல்லை. அதற்குரிய கிரெடிற் (credit, பாடத்துக்குரிய பட்டக் கணக்கு அலகு) நிரம்பாவிட்டால் பட்டம் கிடையாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை மாணவரும் மனிதப்பண்பியல், கலை, சமூக விஞ்ஞானப் பக்கத்தில் 8 பாடங்கள் எடுத்தே ஆகவேண்டும். எந்தெந்தப் பாடம் என்பதில் நிறையச் சுதந்திரம் உண்டு, எட்டு என்பது கட்டாயம். இதை எங்கள் வரைவில் உள்ள ‘கட்டாயப் பாடம் / விருப்பப் பாடம்’ அட்டவணையில் எந்தப் பக்கம் போடுவது? இரண்டு பக்கமும் போட முடியாது. அந்த அட்டவணையின் பிரிப்பே பிழை. தெரிவு என்பதும் கட்டாயம் என்பதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை.

சென்னை நண்பர் தந்த ‘விருப்பத் தேர்வு’க்கும் எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் தேர்வு என்றால் பரீட்சை. ‘விருப்பத் தேர்வுகள்’ என்ற தலைப்பைப் பார்த்தால் அங்கத்தைய மாணவர், விரும்பினால் எழுதுகிற பரீட்சை என்றுதான் முதலில் நினைப்பார். எங்களுக்கு அது ‘பல்தேர்வு வினா’வை நினைவூட்டும். இரண்டு கரையிலும் தடக்குகிற சொல்.

‘தெரிவு’ இரண்டு கரைக்கும் பொதுவானது. இங்கே பாராளுமன்றத்துக்குத் தெரிவானார், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார் என்று தினமும் பத்திரிகையில் வாசிக்கிறோம். திருக்குறளில் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றிலும் தெரிதல் என்பது ஆராய்ந்து எடுப்பது. ஆசைப்பட்டதை எடுப்பது என்ற பொருள் அங்கே இல்லை. பாடம் எடுக்கப்போகிற பிள்ளைக்கு நாங்கள் சொல்ல விரும்புவதும் அதைத்தானே. ஆகவே பொதுச்சொல்லாகத் ‘தெரிவுப் பாடம்’. ‘விருப்பப் பாடம்’ என்பதைப் பட்டக் கணக்கில் சேராமல், ஆசைக்குப் போயிருந்து கேட்கிற பாடத்துக்கு ஒதுக்கி வைப்போம். அதற்கு அது அச்சாவான பெயர்.

சரி, இனித்தான் உண்மையான சிக்கல். தெரிவுப் பாடத்தில் இரண்டு இனம் உண்டு. பல்கலைக்கழகத்தில் நடக்கிற எதையும் எடுக்கலாம் என்பது ஒன்று. துறை தருகிற பட்டியலுக்குள் இருந்து இத்தனை எடு என்பது மற்றது. முதலாவதற்குத் ‘திறந்த தெரிவு’ என்பதை ஒருவரும் மறுக்கவில்லை, அதை விடுவோம். இரண்டாவதற்கு ‘மட்டுப்படுத்திய தெரிவு’, ‘வரையறுத்த தெரிவு’, ‘கட்டுண்ட தெரிவு’ என்று மூன்று முன்மொழிவுகள் வந்தன. மூன்றும் ‘restricted elective’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழலில் நிற்கின்றன. மூன்றும் தடையைச் சொல்லுகின்றன, என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைகள் இந்த வகைத் தெரிவைப் பத்தாம் வகுப்பிலேயே செய்துவிடுகிறார்கள். சாதாரண தரத்துக்கு ஆறு பாடம் எல்லாருக்கும் பொது. மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளில் இருந்து, தொகுதிக்கு ஒன்றாக எடுக்கவேண்டும். ‘தொகுதிப் பாடம்’ என்று ஊரில் சொல்லாத பிள்ளை இல்லை, தெரியாத தாய் இல்லை. சங்கீதமா சித்திரமா என்று வீட்டில் பிடுங்குப்பட்டதை எல்லாரும் மறக்காமல் வைத்திருப்பார்கள். ஆகவே என் முன்மொழிவு: தொகுதித் தெரிவு. இந்தத் தொகுதிக்குள் இருந்து இத்தனை எடு. விளக்கம் எழுதத் தேவையே இல்லை.

புதுச்சொல் ஆக்கமுன் வாயில் இருக்கிற சொல்லைத் தேடுவது எங்களூரில் பழைய முறை. 1847இல் இங்கு வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மேலை மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் கிறீன் வைத்தியரும் வழக்கில் கிடைத்ததை முதலில் எடுத்தார். கிடைக்காத இடத்தில் ஒலிபெயர்த்தார்; 1875இல் வந்த அவருடைய இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. கிரெடிற்றுக்கு நாங்களும் அதையே செய்வோம். ‘திறமை’ என்று மொழிபெயர்த்தால் சாதாரண தரத்துத் திறமைச் சித்தியோடு குழம்பும்.

> தொகுதி என்றால் சிஸ்ரம் (system) அல்லவா? ‘தொகுதி உயிரியல் ஒரு தொகுதித் தெரிவு’ என்று எழுதிப் பாருங்கள்.

கிளிநொச்சித் தங்கச்சியின் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. எழுதிப் பார்த்தேன், உண்மையிலேயே வாசிக்க முடியவில்லை. சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னும் குழப்பம். ஆனால் விடையும் எங்கள் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் ‘உயிர்முறைமைகள் தொழினுட்பவியல்’ என்று ஒரு பாடம். அங்கே அதே சொல்லுக்கு ‘முறைமை’. கிளிநொச்சியில் உள்ள தொழினுட்ப பீடத்துக்குப் போகிற பிள்ளைகள் அந்தச் சொல்லோடுதான் போகிறார்கள். ஆகவே கைநூல் முழுக்க முறைமை உயிரியல் (systems biology), கட்டுப்பாட்டு முறைமை என்று போவோம். உடலுறுப்பைச் சொல்லுகிற இடத்தில் மட்டும் பள்ளி வழக்குப்படி தொகுதி இருக்கட்டும். நரம்புத் தொகுதியை நரம்பு முறைமை ஆக்கினால் எந்த வைத்தியரும் ஏற்கமாட்டார்.

இந்தத் தொகுதி என்ற சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க, இரண்டு பிள்ளைகளுக்குத் திட்டம் போட்டுப் பார்த்தேன். கற்பனைப் பிள்ளைகள்தான், பிரச்சினைகள் எங்களுடையவை.

ஒருவருக்குப் பனைத் தொழிலில் ஆசை. பனஞ்சாறு இறக்குகிற முட்டியின் (மண்பானை) உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர் (பதநீர்), பூசாவிட்டால் கள். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குவதால் மதுவமும் (yeast) பற்றீரியாவும் வேலை செய்ய முடிவதில்லை. அந்தக் காரம் இல்லாமலே கருப்பநீரைப் புளிக்கவிடாமல் போத்தலில் அடைக்கவேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு உயிர்ச்செயன்முறைப் பொறியியல் வேண்டும். அதற்கு முன்னம் வெப்ப, திணிவு இடமாற்றம். அதற்கும் முன்னம் பாயி (திரவம், வாயு) இயக்கவியல். ஆறாம் அரையாண்டில் எடுக்கிற தெரிவுக்கு நாலாம் அரையாண்டிலேயே கால் வைத்திருக்கவேண்டும். கடைசி வருடத்தில் இருந்து பின்னோக்கி அடுக்கினால்தான் இது தெரியும். முன்னோக்கி அடுக்குகிற பிள்ளை, ஆறாம் அரையாண்டு வந்த பிறகுதான் கதவு பூட்டியிருப்பதைக் காணும்.

மற்றவருக்குக் கிணற்றுத் தண்ணீர். யாழ் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் பசளையும் மலசலகூடக் குழிநீரும் இறங்கி நைத்திரேற்று ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடுகிற பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு தாக்கியில் (reactor) வளர்த்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கலாம். இவருக்குச் சூழல் நுண்ணுயிரியல் வேண்டும், நுண்துளை ஊடகத்தில் நீரோட்டம் வேண்டும். இரண்டு பேருக்கும் அடிப்படைப் பாடங்கள் ஒன்றுதான். பிரிவது தொகுதித் தெரிவில். ‘மட்டுப்படுத்திய தெரிவு’ என்று பெயர் வைத்திருந்தால் பிள்ளை அதை ஒரு தடையாகவே பார்த்திருக்கும். உண்மையில் அந்த இடத்தில்தான் அது எந்த வகைப் பொறியியலாளர் என்பது தீர்மானமாகிறது.

துறையின் பெயரைப் பற்றியும் ஒரு குறிப்புப் போடவேண்டும். ‘உயிரியற் பொறியியல்’ எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரே சரக்கு இல்லை. எம்.ஐ.டி.யில் அது 20ஆம் இலக்கத் துறை. மூலக்கூறு, கலம், வெப்ப இயக்கவியல் என்று போகிறது, இளமாணிப் பட்டம் தொடங்கியது 2005இல். கோர்னெல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அது விவசாயப் பொறியியலில் இருந்து முளைத்தது. அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கம் தன் பெயரோடு ‘உயிரியல்’ என்பதைச் சேர்த்துக்கொண்டதும் அதே 2005இல்தான். பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காமல் தொகுதிகளின் பட்டியலைப் பார்த்து விண்ணப்பி என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டும். அதோடு எங்கள் ஊர் நிலைமையும். பெயரில் ‘உயிரியல்’ இருப்பதால் பயோ பிரிவுப் பிள்ளைகளுக்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் பொறியியல் பீடத்துக்கு, உயர்தரத்தில் இணைந்த கணிதம் இல்லாமல் போகமுடியாது. இதைத் தடித்த எழுத்தில் முதற்பக்கத்திலேயே போடுவோம்.

அடுத்தது, ஒரு பாடத்துக்கு முன் படித்திருக்கவேண்டிய பாடம். ‘முன்நிபந்தனை’ எனக்குப் பிடிக்கவில்லை. அது பேச்சுவார்த்தை மேசைச் சொல். ‘முற்கற்கை’ என்று வைப்போம். கூடவே படிக்கவேண்டியதற்கு ‘இணைபாடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டும் நாடகமும்தான் இங்கே இணைப்பாடவிதானம், ஆகவே அது சரிவராது. ‘உடன்கற்கை’ போதும். கற்கைநெறி என்று ஏற்கெனவே எழுதிப் பழகிய எங்களுக்கு இரண்டும் வாயில் இலகுவாக வரும்.

கடைசி வருட வடிவமைப்பு வேலைக்கு ‘நிறைவுச் செயற்றிட்டம்’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

முறைமை / தொகுதி பிரிப்பை மருத்துவப் பக்கம் இருப்பவர்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. அண்ணை, விருப்பப் பாடத்தை நீங்கள் இன்னும் விடமாட்டீர்கள் என்றால், அந்த 8 பாடங்களை உங்கள் அட்டவணையில் எந்தப் பக்கம் போடுவீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு ஒரு வழி இருந்தால் அட்டவணையைத் திருப்பிப் பார்க்க நான் தயார்.