உக்ரைன் போர்: தரமான குண்டா, நிறைய குண்டா?

வடகரை:
ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு வருஷத்தில் உக்ரைனுக்கு 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. இத்தனை பணக்கார நாடுகளால் சாதாரண 155 மி.மீ. குண்டைக் கூடவா செய்ய முடியவில்லை? குறி தப்பாத ஆயுதம் இருந்தால் எண்ணிக்கை முக்கியமில்லை என்று நம்பியிருந்தேன், அது தப்பா?

கல்தச்சன்:
முழுத் தப்பு இல்லை. 2022 ஜூனில் ஹைமார்ஸ் என்ற, வெகுதூரம் குறி தப்பாமல் அடிக்கும் அமெரிக்க ராக்கெட் வண்டி வந்து இறங்கியதும் ரஷ்யா தன் குண்டுக் கிடங்குகளைப் போர்முனையிலிருந்து வெகுதூரம் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று, அதைச் செய்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சில வண்டிகள். ஆனால் ஜிபிஎஸ் வைத்துக் குறி பார்க்கும் எக்ஸ்காலிபர் குண்டு என்ன ஆயிற்று பாருங்கள், ரஷ்யர்கள் சிக்னலைக் குழப்பக் கற்றுக்கொண்டதும் அது தடுமாற ஆரம்பித்துவிட்டது. சாதாரண குண்டில் குழப்புவதற்கு ஒன்றுமே இல்லை.

குண்டு ஏன் வரவில்லை என்றால், பனிப்போருக்குப் பிறகு ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாத தொழிற்சாலையை யார் நடத்துவார்கள்? அமெரிக்காவே போருக்கு முன் மாதம் சுமார் 14,000தான் செய்தது. அங்கே குண்டுக்குள் அடைக்கும் டிஎன்டி வெடிமருந்து உற்பத்தி 1980களிலேயே நின்றுபோனது. குண்டைத் தள்ளும் மருந்துக்குப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு வேண்டும், ஐரோப்பாவுக்கு அதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பணம் ஒதுக்கிய மறுமாதமே இதெல்லாம் வந்துவிடாது.

தேன்சிட்டு:
அதற்காக எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டனில் இதே மாதிரி குண்டுப் பஞ்சம் வந்து, லாயிட் ஜார்ஜ் தலைமையில் தனி அமைச்சகமே அமைத்து அவசர அவசரமாக உற்பத்தியைப் பெருக்கினார்கள். அடுத்த வருஷம் பிரான்ஸில் நடந்த சோம் போரில் ஒரு வாரத்தில் சுமார் 15 லட்சம் குண்டு போட்டார்கள். குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் சரியில்லாமல் ஏராளமானவை வெடிக்கவே இல்லை, வெடித்ததிலும் பல ஆழமான பதுங்குகுழியை ஒன்றும் செய்ய முடியாத ரகம். எதிரி செத்திருப்பான் என்று நம்பி 1916 ஜூலை 1 காலையில் எழுந்து நடந்த பிரிட்டிஷ் வீரர்களில் அன்று ஒரே நாளில் 19,000 பேருக்கு மேல் செத்தார்கள். தரம் பார்க்காமல் அனுப்பியதற்கு விலை கொடுத்தது அவர்கள்தான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும்.

வடகரை:
சரி, டிரோன் விஷயத்தில்? ரஷ்யா ஏவும் ஷாஹெத் டிரோன் சில பத்தாயிரம் டாலர், அதைச் சுட்டு வீழ்த்தும் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணை பல லட்சம் டாலரைத் தாண்டுகிறதே.

கல்தச்சன்:
அதனால்தான் பேட்ரியாட்டைப் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு வைத்துக்கொண்டு, ஷாஹெத்துக்கு லாரியில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியையும், 1970களில் வந்த ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கி வண்டியான கெபார்டையும் பயன்படுத்துகிறார்கள். கெபார்ட் அருமையாக வேலை செய்தது. ஆனால் அதன் 35 மி.மீ. தோட்டாவை உக்ரைனுக்குக் கொடுக்கச் சுவிட்சர்லாந்து அனுமதி மறுத்துவிட்டது. கடைசியில் ஜெர்மனி தன் நாட்டிலேயே புதிதாகச் செய்ய ஆரம்பித்து, 2023இல்தான் அனுப்ப முடிந்தது.