குட்டி ஏன் தேறலை? – கீழத்தெரு ஆட்டுக்காரங்க குழு

[காலை 6:42] பாண்டி: எல்லாருக்கும் வணக்கம். கன்னி ஆட்டுக் குட்டி 6 உருப்படி, ரெண்டரை மாசம், சந்தையில பிடிச்சது. வந்து 12 நாள் ஆச்சு, எல்லாம் 7 கிலோவுலயே நிக்குது. தழை, தீவனம் தாராளமாத்தான் கிடக்கு. ராத்திரி பூரா கத்துதுக. என்னவா இருக்கும்?

[6:45] முருகேசன்: பூச்சிதான் தம்பி. மருந்தை ஊத்தி விடு.

[6:51] செல்வி: எதுக்கெடுத்தாலும் பூச்சி மருந்தாண்ணே? கீழ் இமையைப் பிதுக்கிப் பார்க்கச் சொல்லுங்க முதல்ல.

[6:58] பாண்டி: பார்த்துட்டேன்க்கா. ஆறுக்கும் நல்லா செவந்துதான் இருக்கு. தாடைக்குக் கீழ வீக்கம் இல்ல. புழுக்கை உருண்டையா விழுது.

[7:03] செல்வி: அப்ப ரத்தம் உறிஞ்சுற புழு பெருசா இல்ல. கொட்டகையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

[7:10] பாண்டி: 📷

[7:16] செல்வி: இடது ஓரத்துல அந்தச் செங்கன்னிக் குட்டியோட காதைப் பெருசாக்கிப் பாருங்க எல்லாரும். நுனி முடி நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு. மத்த குட்டி சப்புது. காம்பு கிடைக்காம காது, தொப்புள்னு தேடுது. இன்னொண்ணு சுவரைப் பார்த்து நிக்குது. தீவனத் தொட்டி ஒண்ணுதான் இருக்கு, அதையும் கொம்பு வச்ச பெரிய ஆடு மறிச்சு நிக்குது. தீவனம் கிடக்கு, சரி. யாரு தின்கிறா?

[7:18] முருகேசன்: 😀 அது பாயிண்ட்டு

[7:31] டாக்டரம்மா: செல்வி சொன்னது சரி. ஆனா இமை சிவப்பா இருந்தா எல்லாப் புழுவும் இல்லைன்னு அர்த்தம் ஆகாது. இன்னைக்கே புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துல கொடுத்துப் பார்த்துடுங்க. ரத்தக்கழிச்சல் கிருமியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க, அதுக்குக் காரணம் பின்னாடி சொல்றேன்.

இந்தக் குட்டிகளுக்கு ஒரே நாள்ல நாலு நடந்திருக்கு. தாயை விட்டது, வண்டியில வந்தது, இடம் மாறினது, வேற மந்தையோட கலந்தது. மிரட்சி ஒரு மணி நேரத்துல அடங்கினா ஒண்ணும் ஆகாது. நாள் கணக்குல இழுத்தாத்தான் வளர்ச்சியைப் பிடிக்கும்.

[7:34] முருகேசன்: டாக்டரம்மா, தீனி தின்னா வளரப்போகுது. பயத்துக்கும் எடைக்கும் என்ன இருக்கு?

[7:49] டாக்டரம்மா: நிறைய இருக்கு. பயந்தா மூளை தனக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், அது சிறுநீரகத்துக்குப் பக்கத்துல இருக்கிற அட்ரினல் சுரப்பியை முடுக்கும், கார்டிசால்ங்கிற ஹார்மோன் ஊறும். ஓடித் தப்பிக்கச் சர்க்கரை வேணும்னு அது சதையில உள்ள புரதத்தைக் கரைச்சு எடுக்கும். எலும்பு நீளுறது முனையில இருக்கிற குருத்தெலும்புத் தட்டுல. அங்க செல் பெருகுறதையும் மட்டுப்படுத்திடும். இது போக, மிரண்ட குட்டி படுத்து அசை போடாது. உலர்தீவனம் உள்ள போய்ப் புளிச்சாத்தான் முதல் வயித்துச் சுவர்ல சத்தை உறிஞ்சுற மொட்டு வளரும். பால் நின்ன நேரத்துல அதுவும் வளரலைன்னா குட்டி சவலைதான்.

எதிர்ப்புச் சக்தியும் இறங்கும். 1936-லயே ஹான்ஸ் செல்யேன்னு ஒரு விஞ்ஞானி எலிகளைக் குளிர், காயம், மிஞ்சின ஓட்டம்னு பல விதமா வருத்திப் பார்த்தார். எதால வருத்தினாலும் அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுருங்கினது, வயித்துல புண் விழுந்தது. தைமஸ் குட்டிப் பருவத்துல எதிர்ப்புச் செல் முதிர்ற இடம். குடல்ல கொஞ்சமா ஏற்கெனவே இருக்கிற ரத்தக்கழிச்சல் கிருமி பால் மறந்த 2, 3 வாரத்துல கிளம்புறது இதனாலதான். அதான் பார்க்கச் சொன்னேன்.

[7:52] முருகேசன்: பால் இல்லாததால இளைச்சிருக்கும்னு சொல்லலாமே?

[8:04] டாக்டரம்மா: நல்ல கேள்வி. அதைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ஷான்பெர்க் குழு, 1970-கள்ல தொடங்கின வேலை. எலிக்குட்டியைத் தாய்கிட்டேயிருந்து பிரிச்சதும் வளர்ச்சி ஹார்மோனும், செல் பெருக வேண்டிய ஒரு என்சைமும் சரிஞ்சது. பால் கொடுக்க முடியாத தாய் கூட இருந்தப்போ அந்த என்சைம் சரியலை. தாய் நக்குற மாதிரி ஈரத் தூரிகையால முதுகைத் தேய்ச்சாலும் இறங்கினது ஏறிடுச்சு.

வெள்ளாட்டுலயும் இருக்கு. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல லிடெல்னு ஒருத்தர் இரட்டைக் குட்டியில ஒண்ணைத் தாயோட, ஒண்ணைத் தனியா விட்டு, விளக்கை மங்க வச்சுக் கால்ல லேசா ஷாக் கொடுத்தார். தாயோட இருந்தது இயல்பா நடமாடுச்சு. தனியா இருந்தது மூலையில ஒடுங்கிடுச்சு. ரெண்டு அறையிலயும் ஷாக் ஒண்ணுதான்.

[8:06] பாண்டி: இப்ப என்ன பண்ணட்டும்?

[8:21] செல்வி: முதல்ல அந்தக் கொம்பு ஆட்டை வெளிய கட்டுங்க. 6 குட்டியும் தனி அடைப்புல ஒண்ணா இருக்கட்டும். எதையும் ஒத்தையா கொடாப்புக் கூடையில கவிழ்க்காதீங்க, நோஞ்சானா இருந்தாலும் ஜோடியா விடுங்க. குட்டிக்கு 4-5 சதுர அடியாவது வேணும். தொட்டி ரெண்டு, எதிரெதிர் மூலையில. ஒண்ணை ஒரு குட்டி மறிச்சாலும் மத்தது அங்க போய்த் திங்கும். அரை ஆள் உயரத்துக்குச் சாக்கு கட்டி நாய் கண்ணுல படாம மறைங்க. நாய் கடிக்கணும்னு இல்ல, எதிர்ல உட்கார்ந்திருந்தாலே போதும், குட்டி படுக்காது.

[8:23] பாண்டி: பெரிய ஆட்டு மந்தையில விட்டா தைரியம் வரும்னு நினைச்சேன்

[8:25] செல்வி: சொந்தத் தாய் இருக்கிற மந்தைன்னா வரும். அசலூர்க் குட்டியை எல்லா ஆடும் முட்டும்.

[8:28] டாக்டரம்மா: அடர்தீவனம் எவ்வளவு?

[8:29] பாண்டி: ஆளுக்கு 200 கிராம்ங்க. தேறட்டும்னு கூட்டிட்டேன்.

[8:37] டாக்டரம்மா: 7 கிலோ குட்டிக்கு அதிகம். பகல்ல மிரண்டு தொடாது, ராத்திரி பசியில துணிஞ்சது மட்டும் மொத்தமா அள்ளும். வயிறு புளிச்சுப் போகும், துள்ளுமாரிங்கிற குடல் நஞ்சு நோய்க்கும் அதுதான் வாசல். 50 கிராமுக்கு இறக்குங்க, ரெண்டு வேளையா. கடலைக்கொடியும் தண்ணியும் எந்நேரமும் இருக்கட்டும். 10 நாள்ல மெதுவா 100-க்கு ஏத்துங்க.

தினமும் ஒரே ஆள், ஒரே நேரம் தீனி வைங்க. வச்சுட்டு அங்கேயே 10 நிமிஷம் குத்துக்கால் போட்டு உட்காருங்க. துரத்திப் பிடிக்க வேண்டாம். அதுவா வந்தா கழுத்துல, முதுகுல தடவுங்க.

[8:40] முருகேசன்: என் பட்டியில அடுத்த மாசம் 9 குட்டிக்குப் பால் மறக்கடிக்கணும். அதுக்கும் இதே கதைதானா?

[8:55] செல்வி: உங்களுக்கு லேசுண்ணே, தாய் கையில இருக்கு. 15-வது நாள்லயிருந்தே குட்டி மட்டும் நுழையுற அடைப்புல தீவனம் கொறிக்க விட்டிருப்பீங்க. 90 நாளை ஒட்டிப் பிரிங்க. குட்டியை நகர்த்தாதீங்க, தாயை நகர்த்துங்க. பழகின இடமும் கூட்டாளியும் குட்டிக்கு மிஞ்சும். நடுவுல கம்பி வலை, ஒரு வாரம். மூக்கு உரசலாம், குரல் கேட்கும், மடி மட்டும் எட்டாது. வலைக் கண்ணு பெருசா இருந்தா தலையை விட்டுக் குடிச்சிரும், பார்த்துக்கங்க. அந்த வாரமும் அடுத்த வாரமும் தடுப்பூசி, காது தோடு எதுவும் வேண்டாம்.

[8:57] டாக்டரம்மா: 👍 சினை ஆட்டையும் பார்த்துக்கங்க. 5 மாசச் சினையில குட்டி சதை போடுறது பெரும்பாலும் கடைசி ஒன்றரை மாசத்துல. அப்ப வண்டியில ஏத்துறது, மந்தை மாத்துறது கூடாது.

[9:02] பாண்டி: டாக்டரம்மா, காயடிக்க நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தேன்...

[9:06] டாக்டரம்மா: வேண்டவே வேண்டாம். வாராவாரம் காலையில தீனிக்கு முந்தி, ஒரே தராசுல தூக்குங்க. நம்ம நாட்டுக் குட்டி நல்லா இருந்தா நாளைக்கு 50-லிருந்து 80 கிராம் ஏறும். வாரத்துக்கு 350 கிராம், அப்படி ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல வந்தப்புறம் காயடிக்கலாம். நடுவுல புழுக்கை இளகினாலோ ரத்தம் தெரிஞ்சாலோ தராசெல்லாம் அப்புறம், நேரா மருந்தகம்.

[9:08] பாண்டி: சரிங்க. அவருக்கு இப்பவே போன் போட்டு நிறுத்திடறேன்.

[9:11] முருகேசன்: ரெண்டாவது தொட்டிக்கு அலையாத தம்பி. பாதியா அறுத்த நீல பேரல் ஒண்ணு சும்மா கிடக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்க. விளிம்பை மட்டும் ராவிக்க, மூக்கைக் கிழிச்சிரும்.