மறு: நிரல் துண்டை இயக்கும் ஷெல்லுக்கு என்ன சொல்?

வணக்கம். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். ஆவணத்துக்குள் எழுதிய நிரல் துண்டை இயக்கும் ஷெல்லுக்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் வந்த பரிந்துரைக்கு இது மறுமொழி.

> ஷெல் = ஓடு. ஆகவே எந்த ஷெல் என்று தெரிவு செய்வதை 'ஓட்டுத் தேர்வு' எனலாம்.

'ஓடு' வேண்டாம் என்பேன். ஏவலாகப் படித்தால் ஓடச் சொல்கிறது. உருபாகப் படித்தால் 'பாஷோடு' (பாஷ் ஒரு ஷெல்லின் பெயர்) என்பது 'பாஷுடன்' ஆகிவிடுகிறது. வேற்றுமை ஏற்றதும் 'ஓட்டில்' வாக்குச்சாவடிக்கும் 'ஓட்டை' பொத்தலுக்கும் போகிறது. 'இந்தத் துண்டை இந்த ஓட்டில் ஓட்டவும்' என்று எந்தக் கையேட்டிலும் எழுத முடியாது. 'உறை' எந்த உருபை ஏற்றாலும் உருக்குலையாது: உறையில், உறையை, உறைக்கு. கத்தியுறை, தலையணையுறை என்று புழங்கிய சொல்லும்கூட.

ஆனால் நமக்கு வேண்டியது ஷெல்லுக்கான சொல் மட்டுமல்ல. நாம் உள்நுழையும்போது கிடைக்கும் ஷெல் ஒன்று, ஆவணத்திலுள்ள துண்டை உண்மையில் இயக்கும் ஷெல் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் குழப்பம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஆர்க் மோடு கோப்பு ஒன்றில் சோதித்துப் பாருங்கள். (உரைக்கு நடுவே நிரல் துண்டுகளை எழுதி அங்கேயே இயக்க ஈமேக்ஸ் என்ற உரைதொகுப்பி தரும் வசதி, ஆர்க் மோடு.) பலா, முந்திரி, நெல்லி மூன்றையும் அடைப்புக்குறிக்குள் வைத்து ஓர் அணியாக்கி (வரிசைப் பட்டியலாக்கி), சுட்டெண் 1-இல் உள்ளதைத் திரையில் காட்ட எக்கோ செய்யுங்கள். துண்டின் தலைவரியில் (எந்த மொழி என்று குறிக்கும் முதல் வரியில்) 'பாஷ்' என்றிருந்தால் முந்திரி வரும், அங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால். 'இசட்ஷ்' என்று மாற்றினால் பலா, அங்கே 1-இல் தொடக்கம். வெறும் 'எஸ்ஹெச்' என்றால் தொடக்க அடைப்புக்குறியிலேயே தொடரியல் பிழை. டெபியனில் 2011 முதல் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்ற சிறிய ஷெல், அதற்கு அணியே கிடையாது. பிழை வந்தால் தப்பித்தோம். பிழையில்லாமல் வேறு பழம் வருவதுதான் ஆபத்து.

தலைவரியில் 'ஷெல்' என்று மட்டும் எழுதுவது இன்னும் மோசம். அது ஈமேக்ஸின் ஷெல்-ஃபைல்-நேம் மாறியைப் பார்க்கும், அந்த மாறி பெரும்பாலும் உங்கள் உள்நுழைவு ஷெல்லையே காட்டும். 2019-இல் மேக் கணினிகளின் இயல்பு ஷெல் பாஷிலிருந்து இசட்ஷுக்கு மாறியது. ஆகவே ஒரே ஆவணம் உங்கள் மேசையில் முந்திரியும் பக்கத்து மேசையில் பலாவும் தரும்.

என் முன்மொழிவு: உள்நுழையும்போது கிடைப்பது நுழைவுறை, துண்டை இயக்குவது ஏவுறை, தெரிவு செய்வது ஏவுறைத் தெரிவு. இங்கே பிரெஞ்சில் படித்தவர்கள் 'கட்டளை விளக்கி' என்ற பொருளில் வரும் தொடரைச் சொல்வார்கள். பொருள் தெளிவுதான், ஆனால் அதுவும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

புதுச்சேரியிலிருந்து

---

வணக்கம் ஐயா.

ஏவுறை, நுழைவுறை என்ற பிரிப்பை ஏற்கிறேன். 'ஓடு' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையை உடைத்தால் வெளியே ஓடு, உள்ளே பருப்பு. கெர்னலும் (இயங்குதளத்தின் உட்கரு) ஷெல்லும் அதே இணைதான். 'உறை' என்றால் அந்த இணை போய்விடும், கத்தி உறைக்குள் வளர்வதில்லை. ஆனாலும் 'ஓட்டை' என்ற இடத்தில் எனக்கு விடையில்லை, ஆகவே உறைக்கே வாக்களிக்கிறேன்.

வரையறையில் ஒரு திருத்தம் தேவை. தலைவரியில் எழுதிய பெயரே ஏவுறை என்று எழுதிவிடாதீர்கள். அதே வரியில் ஷெபாங் (கோப்பை எந்த நிரல் இயக்க வேண்டும் என்று சுட்டும் முதல் வரி) கொடுத்தால், ஆர்க் மோடு துண்டைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, இயக்க அனுமதி தந்து, நேரே இயக்கும். தலைவரியில் பாஷ் என்றிருந்து ஷெபாங்கில் டாஷ் இருந்தால் ஏவுறை டாஷ்தான். 

புதியவர்கள் இடறும் இன்னோர் இடம்: ஈமேக்ஸ் அமைப்பில் இயக்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் 'ஷெல்' என்று சேர்க்க வேண்டும். 'பாஷ்' என்று சேர்த்தால் அந்தப் பெயரில் கோப்பைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடும். பட்டியலில் குடும்பப் பெயர், துண்டில் தனிப்பெயர்.

கடலூரிலிருந்து

---

நன்றி. திருத்தத்துடன் பதிவு:

ஏவுறை – உரையிடையிட்ட நிரலில் ஒரு துண்டை உண்மையில் இயக்கும் உறை. ஷெபாங் இருந்தால் அது சுட்டுவது. இல்லையேல் துண்டின் தலைவரி சுட்டுவது. அங்கும் பொதுப்பெயர் மட்டுமே இருந்தால் உரைதொகுப்பியின் அமைப்பு சுட்டுவது.

'உரையிடையிட்ட' என்பது புதிதாகத் தோன்றலாம். கணினியியலாளர் டொனால்ட் குனூத் 1984-இல் வைத்த 'லிட்டரேட் புரோகிராமிங்' என்ற பெயரை 'எழுத்தறிவு நிரலாக்கம்' என்று மாற்றினால் முதியோர் கல்விபோல ஒலிக்கிறது. சிலம்பை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்கிறோம், பாட்டுக்கு நடுவே உரை. இங்கே நிரலுக்கு நடுவே உரை. சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மறுப்பிருந்தால் இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள்.

புதுச்சேரியிலிருந்து