பழைய அலுமினிய ட்ரெய்லருக்கு பாலிஷ் போட்டவர்களின் அனுபவங்கள்

ஓஹாயோவிலிருந்து:

"எந்த பாலிஷ் வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் வரட்டும். உங்கள் வண்டியின் தகடு என்ன தகடு, அதன் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியாமல் மெஷினைக் கையில் எடுக்காதீர்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என்னிடம் இருப்பது 1966-ஆம் வருட ஏர்ஸ்ட்ரீம் கேரவல், காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் வீட்டு ட்ரெய்லர், 17 அடி. வாங்கும்போது முன்பக்க வளைவு திட்டுத்திட்டாக வெளிறி, பக்கவாட்டில் பழுப்பேறி, வெயிலில் உரிந்த தோல் மாதிரி இருந்தது. ஜாக்சன் சென்டரில் 1952 முதல் ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை இருப்பதால், எங்கள் பக்கத்து கேம்ப் கிரவுண்டுகளில் பழைய வண்டிகளுக்கும் அவற்றைப் பற்றிப் பேச ஆட்களுக்கும் குறைவில்லை. அப்படி ஒரு இடத்தில் எங்களுக்கு அடுத்து தங்கியிருந்தவர், விமானத் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெள்ளை பனியன் துணியில் பாலிஷைத் துளி தொட்டு, கதவுக்குக் கீழே யார் கண்ணிலும் படாத இடத்தில் தேய்த்தார். துணி அப்படியே இருந்தது. நாலு விரற்கடை தள்ளி, பூச்சு உரிந்துபோன இடத்தில் அதே துணியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். துணி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் நடுவில் ஏதோ இருக்கிறது. அவ்வளவுதான் சோதனை. அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து தொழிற்சாலையிலேயே இந்த வண்டிகளுக்குக் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு அடித்து அனுப்பினார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை பாலிஷ் உலோகத்தைத் தொடவே தொடாது. அதன் மேல் எத்தனை மணி நேரம் மெஷின் ஓட்டினாலும் வீண்.

அடுத்து அவர் சொன்னதுதான் என் வேலையின் போக்கையே மாற்றியது. இந்த வண்டிகளில் பரவலாக வருவது ஆல்கிளாட் என்ற விமானத் தகடு. நடுவில் 2024 என்ற கலப்பு உலோகம். அதில் ஏறக்குறைய 4.4 சதவீதம் செம்பு. செம்பு சேர்ந்ததால் பலம் அதிகம், ஆனால் அரிப்பைத் தாங்காது. அதனால் இரண்டு பக்கமும் சுத்தமான அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டி உருட்டியிருப்பார்கள். பளபளப்பதும் அந்தப் படலம்தான், அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவதும் அதுதான். தகட்டின் மொத்தத் தடிமனே 0.8 மில்லிமீட்டர் சுமார். படலம் ஒரு பக்கத்துக்கு அதில் 5 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.04 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது. உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் அதில் எவ்வளவைத் தேய்த்துத் தீர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் இனி வண்டியின் ஆயுள் முழுக்க ஓட்டியாக வேண்டும்.

விமானத் தகடு எப்படி ட்ரெய்லருக்கு வந்தது என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானம் ரையன் கம்பெனியில் உருவானபோது அதைக் கட்டும் வேலையை மேற்பார்த்த ஹாலி போலஸ், 1934-இல் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்த அலுமினிய ட்ரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏர்ஸ்ட்ரீமைத் தொடங்கிய வாலி பையம் 1936-இல் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் அந்த வழியில் வந்ததுதான். போருக்குப் பிறகு ஓக்லஹோமாவின் டல்சாவில் ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனியும் ட்ரெய்லர் கட்டியது. கட்டியவர்களில் பலர் விமானக்காரர்கள். கைக்குப் பழகிய தகட்டை எடுத்தார்கள்.

என் வண்டிக்கு முதல் வேலை கிளியர் கோட்டை எடுப்பது. முன்பு மெத்திலீன் குளோரைடு கலந்த ஸ்ட்ரிப்பரை, அதாவது பூச்சை உரிக்கும் ரசாயனத்தை, ஹார்டுவேர் கடையிலேயே வாங்கலாம். ஆட்கள் உயிரிழந்த பிறகு, வீட்டு உபயோகத்துக்கு விற்பதை 2019-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை தடை செய்தது. இப்போது கிடைக்கும் பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாகத்தான் வேலை செய்யும். தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, காயாமல் ஊறவிட்டேன். பூச்சு ஜவ்வு மாதிரி சுருண்டு வந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். விளக்குக் கண்ணாடிகளையும் ஜன்னல் ரப்பரையும் முதலிலேயே மூடிவிடுங்கள். ஸ்ட்ரிப்பர் பட்டால் போச்சு. ஸ்டீல் வுல் பக்கமே போகாதீர்கள். இரும்புத் துணுக்கு தகட்டில் பதிந்தால், ஈரம் பட்டதும் அந்த இடத்திலிருந்து அரிக்க ஆரம்பிக்கும்.

பிறகுதான் பாலிஷ். நான் நுவைட் என்ற பாலிஷ் வாங்கினேன், அதில் பல தரம் உண்டு. நிறையப் பேர் கரடான எஃப்7-இல் தொடங்கி, சி போட்டு, மென்மையான எஸ்-இல் முடிப்பார்கள். பெரியவர் சொன்னபடி எங்கே சி போதுமோ அங்கே சி-யிலேயே தொடங்கினேன். பக்கவாட்டில் பெரும்பகுதிக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டடிக்கு இரண்டடி இடமாகப் பிரித்து, கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி மெஷினை நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் விடாமல், வெயில் படாத பக்கத்தில் நின்று ஓட்ட வேண்டும். சூடேறிய தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து அப்பிக்கொள்ளும். முதலில் சாம்பல் நிறம், பிறகு கறுப்புச் சேறு. இன்னும் நாலைந்து தடவை மெஷின் போய் வந்ததும் அந்தக் கறுப்பு மெலிந்து விலகும். அடியில் பக்கத்து மரத்தின் கிளை, இலை எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் போவது படலம்தான்.

ரிவெட்டுகளைச் சுற்றித் தேங்கும் கறுப்பு வளையத்துக்கு மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் நனைத்த துணி, அதற்குப் பிறகு உலர்ந்த சோள மாவு. மாவு மீதி எண்ணெய்ப்பசையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ரோட்டரி விட்டுப்போகும் சுழல் கோடுகளுக்கு சைக்ளோ என்ற இரட்டைத் தலை பாலிஷர். தலைக்கு ஸ்வெட்ஷர்ட்டின் உள்பக்கம் மாதிரியான பருத்தித் துணி. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் நிழலில் அழகாகத் தெரிந்த வண்டி மாலை வெயிலில் சிலந்தி வலையாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய உரிமையாளர், ஏர்ஸ்ட்ரீம்காரர்களின் வாலி பையம் கேரவன் கிளப் உறுப்பினர். அந்த கிளப் 1955-இல் தொடங்கியது. உறுப்பினர்கள் தங்கள் எண்ணைச் சிவப்பு ஸ்டிக்கராக வண்டியில் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் எப்போதோ போய்விட்டது. பாலிஷ் போட்டு முடித்ததும் முன்பக்க ஜன்னலுக்கு மேலே அந்த எண்கள் தெளிவாக எழுந்து வந்தன. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த உலோகம் வெயிலும் மழையும் படாமல் இருந்ததால் அதன் முகமே வேறு. இன்னும் அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அதை எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள படலம் முழுவதையும் அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு குடும்பம் அந்த எண்ணோடு ஊர் ஊராகப் போயிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

டொராண்டோவிலிருந்து:

அண்ணை, நல்லா விளக்கமா எழுதியிருக்கிறியள். நான் உப்பைப் பற்றிச் சொல்லுறன். இஞ்ச பனிக்காலத்தில ரோட்டெல்லாம் உப்புத்தான். நாங்கள் வாங்கின ட்ரெய்லரை முந்தி வைச்சிருந்த ஆக்கள் பனிக்காலத்திலயும் இழுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கினம். பின் பம்பருக்கு மேல, தகட்டின்ர ஓரத்தில, ரிவெட்டைச் சுத்தி, வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள். கிளியர் கோட்டுக்குக் கீழதான் அது ஓடும். ஃபிலிஃபார்ம் எண்டு சொல்லுவினம்.

ஏன் எப்பவும் ஓரத்திலயிருந்தே துவங்குது எண்டு எனக்குக் கனநாளா விளங்கேல்ல. நீங்கள் படலத்தைப் பற்றி எழுதினதை வாசிக்கத்தான் பிடிபட்டது. தகட்டை வெட்டின ஓரத்தில படலம் இல்லை, செம்பு கலந்த நடுப்பகுதி வெளியில தெரியுது. ரிவெட்டுக்குத் துளை போட்ட இடமும் அப்பிடித்தான். பூச்சு அதில கொஞ்சம் கிளம்பினாக் காணும், ஈரமும் உப்பும் உள்ளுக்குப் போயிடும்.

பூச்சை எடுத்தாப் பிறகு புழு நிண்டிட்டுது, ஆனா அது தோண்டின பள்ளம் நிண்டுகொண்டுதான் இருக்கு. கடைக்காரர் ஒருத்தர் மணல்தாள் போட்டு மட்டமாக்கித் தாறன் எண்டார். வேண்டாமெண்டு போட்டன். பள்ளத்தின்ர ஆழத்துக்குச் சுத்தவர உள்ளதையும் இறக்கினா அங்க படலம் எண்டு ஒண்டு மிஞ்சாது. கிட்ட நிண்டு பார்த்தாத் தெரியும், பத்தடி தள்ளி நிண்டா ஒருத்தருக்கும் தெரியாது.

இப்ப பனி துவங்க முந்தியே கொட்டிலுக்குள்ள விட்டிடுவம். வெளிய போக வேண்டி வந்தா, வந்த உடனே நல்ல தண்ணியால அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுறது. தகடு சேருற இடங்களில ஆரோ சிலிக்கோன் அப்பியிருந்தவை. அதைச் சுரண்டி எடுக்கத்தான் பெரிய பாடு. அதுக்கு மேல வேற ஒண்டும் ஒட்டாது. இடைவெளி அடைக்கிறதுக்கு பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கோ. தகடுகளுக்கு நடுவில உள்ள மெல்லிய கோட்டுக்கு பார்பாண்ட் எண்ட சீலன்ட்.

டெக்சாஸிலிருந்து:

அண்ணா, உங்க துணி சோதனையை இன்னைக்குக் காலையில எங்க வண்டியில பண்ணிப் பார்த்தேன். எங்களோடது ஏர்ஸ்ட்ரீம் இல்ல, 1971 ஏவியன். பார்க்க அக்கா தங்கச்சி மாதிரிதான் இருக்கும். இடது பக்கம் தேய்ச்சா துணி கறுக்கவே இல்ல. வலது பக்கம் தேய்ச்ச உடனே கறுத்துடுச்சு. ஒரே வண்டியில எப்படி ரெண்டு விதம்னு ஒண்ணும் புரியல.

வித்தவர்கிட்ட போன் பண்ணிக் கேட்டோம். அவருக்கு முன்னாடி வச்சிருந்தவர் ஒரு பாலிஷ் கடையில விட்டாராம். அவங்க மணல்தாள் போட்டு வலது பக்கத்தை மின்ன வச்சுட்டு, வேலை ரொம்ப இழுக்குதுன்னு இன்னொரு பக்கத்தை அப்படியே விட்டுட்டாங்களாம். மின்ன வச்ச பக்கம் இப்போ மங்கி, மழைத்தண்ணி வழிஞ்ச கோடு கோடா இருக்கு. தொடாத பக்கம் வெள்ளிச் சாம்பல் நிறத்துல ஒரே சீரா, கையால தடவினா பட்டு மாதிரி இருக்கு. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்க இடது பக்கத்தையும் பாலிஷ் போட்டுடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார். என்ன சொல்லட்டும்?

ஓஹாயோவிலிருந்து:

சகோதரி, இடது பக்கத்தைத் தொட வேண்டாம் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். ஏவியன் 1955-இல் மிச்சிகனின் பென்டன் ஹார்பரில் தொடங்கிய கம்பெனி. அவர்கள் தகட்டை அனோடைஸ் செய்து கட்டினார்கள். மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றும் முறை அது. மேலே அடித்த பூச்சு இல்லை என்பதால் உரியாது, ஸ்ட்ரிப்பருக்கும் அசையாது. பாலிஷ் போட வேண்டுமானால் அதை முழுக்க அழிக்க வேண்டும், அழித்தால் வீட்டில் வைத்துத் திரும்ப உண்டாக்க முடியாது. ஐம்பது வருடமாகக் கெடாமல் நிற்கும் பக்கத்தை, சில மாதத்தில் மங்கும் பக்கத்தோடு சேர்ப்பதற்காகக் கெடுப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

உறுதி செய்துகொள்ள மல்டிமீட்டர் இருந்தால், மின்சாரம் பாய்ந்தால் சத்தம் போடும் நிலையில் அதை வைத்து, இடது பக்கத்தில் இரண்டு முனைகளையும் கீறாமல் லேசாக வையுங்கள். அனோடைஸ் படலம் மின்சாரத்தை விடாது, மீட்டர் சத்தம் போடாது. கிளியர் கோட் இருந்தாலும் இதே விடைதான் வரும், ஆகவே ஒரு மூலையில் ஸ்ட்ரிப்பர் தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வலது பக்கத்தை வெறும் உலோகமாகவே பராமரியுங்கள். மிதமான கார் ஷாம்பு, தண்ணீர், உடனே மென்மையான துணியால் துடைப்பு. ப்ளீச்சும் அடுப்பு சுத்தம் செய்யும் காரத் திரவமும் அலுமினியத்தைத் தின்னும். லாரி கழுவும் இடங்களில் அடிக்கும் அமில பிரைட்னரும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை எஸ் மாதிரி மிக மென்மையான பாலிஷை சைக்ளோவில் ஓட்டினால் போதும். பலர் அதற்கு மேல் மெழுகு தடவுகிறார்கள், நானும் தடவுகிறேன். மழைத்தண்ணீர் கோடு விழும் இடம் அநேகமாகக் கூரையோர மழைநீர்ப் பட்டையின் முனையாக இருக்கும். அந்த முனையில் ஒரு சின்ன ரப்பர் மூக்கு மாட்டி, தண்ணீர் தகட்டை விட்டு விலகி விழும்படி செய்துவிடுங்கள்.

டொராண்டோ நண்பர் சொன்ன சிலிக்கோன் விஷயம் உங்கள் வண்டிக்கும் பொருந்தும். வலது பக்கத்துக்கு மெழுகு தடவுவதற்கு முன்னால் ஜன்னல் ஓரங்களைப் பார்த்துவிடுங்கள். மெழுகு ஏறிய இடத்தில் சீலன்ட் பிடிக்காது. படம் எடுத்துப் போட்டால் எது சிலிக்கோன் என்று பார்த்துச் சொல்கிறேன்.