பருப்பு ஏன் வேகவில்லை? பள்ளிப் பிள்ளைகளின் சொந்த ஆய்வு: எங்கள் அனுபவங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை பாடப்புத்தகத்தைத் தாண்டிச் சொந்தமாக ஆய்வு செய்தால் பயன் உண்டா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 ஜூலை. மகள் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தெருவில் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் கிணறும் போரும்தான். எதிர் வீட்டுப் பாட்டி மட்டும் சமையலுக்கும் கிணற்றுத் தண்ணீரே எடுப்பார். "எங்க தண்ணில பருப்பு பூவா வேகும்" என்பார். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் வைத்தால் நாலு விசிலுக்கும் அசையாது. ஒரே தெரு, ஒரே மண், ஏன் இப்படி என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆய்வு அங்கே தொடங்கியது.

தண்ணீரில் உள்ள உப்புதான் காரணமோ என்று பார்க்க, சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் கொடுத்தோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத் தோராயமாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பதினொரு வீடுகளுக்குப் போய் அளந்து நோட்டில் எழுதுவாள். முதல் மாதம் ஒரே வீட்டிலேயே வாரத்துக்கு வாரம் வேறு வேறு எண் வந்தது. மேல் தொட்டியில் லாரித் தண்ணீரும் கலந்திருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அந்த மாதத்துக் கணக்கை அடித்துவிட்டு, கிணற்றிலிருந்தும் போர் குழாயிலிருந்தும் நேராகப் பிடிக்க ஆரம்பித்தாள்.

காலாண்டுத் தேர்வில் இரண்டு ஞாயிறு விட்டுப்போனது. முன்னதையும் பின்னதையும் கூட்டிச் சராசரி போட்டுவிடு என்றார் அவள் அப்பா. அவள் அந்த இரண்டு கட்டங்களிலும் "அளக்கவில்லை" என்று எழுதினாள். எனக்கு அன்றே மனசு நிறைந்துவிட்டது.

மழை தொடங்கியதும் எல்லா வீடுகளிலும் எண் இறங்கியது, எங்கள் வீட்டைத் தவிர. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன; எங்களுக்கும் குழி உண்டு. ஆனால் போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது அதை மூடி, மொட்டை மாடிக் குழாயைத் தெரு வடிகாலில் விட்டிருந்தோம். செய்தது நாங்கள்தான், மறந்தும் போயிருந்தோம். மகளின் நோட்டுதான் காட்டிக் கொடுத்தது. அடுத்த வாரமே டைல்ஸை உடைத்தோம்.

அப்புறம் டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. வடிந்த பிறகு அளந்தால் எல்லா இடத்திலும் எண் அதுவரை இல்லாத அளவுக்குக் குறைவு. தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று ஓடி வந்தாள். "நாறுதேடி கண்ணு" என்றார் பாட்டி. மீட்டர் ஒன்று சொல்கிறது, மூக்கு வேறு சொல்கிறது. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதை அவள் அந்த வாரம் கற்றுக்கொண்டாள். கழிவு கலந்த தண்ணீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகளை அறிவியல் ஆசிரியை வாங்கித் தந்தார். பதினொன்றில் எட்டு கறுத்தன. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பாட்டி அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் எதற்கும் எடுப்பதில்லை.

அடுத்த ஆண்டு தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மாவட்டச் சுற்றில் பேசினாள். தேர்வாகவில்லை. மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்போது சோதித்தாய் என்று நடுவர் கேட்டாராம். தொடக்கத்தில் சோதிக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இதனால் கூடவில்லை, குறையவும் இல்லை.

ஆனால் போன கோடையில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீரில் மின்கம்பிகளை வைத்தார், பழுப்பானது. அவர் மெஷின் தண்ணீரில் வைத்தார், அப்படியே இருந்தது. நான் பயந்துவிட்டேன். மகள் சமையலறையிலிருந்து உப்பு எடுத்து வந்து, "அங்கிள், உங்க தண்ணில ஒரு சிட்டிகை போட்டு மறுபடி வைங்க" என்றாள். அதுவும் பழுப்பானது. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பியின் இரும்பு கரைந்து நிறம் மாறும், அவ்வளவுதான். எந்தப் பாடத்திலும் அவள் இதைப் படிக்கவில்லை. பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

அண்ணா நகரிலிருந்து ஓர் அப்பா

மேடம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் அனுபவம் நேர் எதிர்.

வெளிநாட்டுக் கல்லூரிக்கு உதவும் என்று நம்பி, பதினொன்றாவது படித்த மகனை ஓர் ஆன்லைன் நிறுவனத்தில் சேர்த்தேன். ஒன்றரை லட்சம் கட்டினேன். மூன்று மாதத்தில் ஒரு கட்டுரை, மகன் பெயரில், ஏதோ இதழில் வந்தும்விட்டது. தலைப்பு அவர்கள் கொடுத்தது, தரவு எங்கிருந்தோ எடுத்தது, திருத்தியதும் அவர்கள்தான். வீட்டுக்கு வந்த என் அக்கா கணவர், அவர் டாக்டர், ஆசையாக நாலு கேள்வி கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு அந்தக் கட்டுரையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. தவறு அவனுடையது இல்லை, என்னுடையது.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகளும் பள்ளியில் ஒரு தனி ஆய்வு செய்தாள். அங்கே அதற்கென்றே ஒரு தகுதிச் சான்று இருக்கிறது, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் ஒரு பாடத்துக்குப் பாதி மதிப்பு. ஐயாயிரம் சொல் கட்டுரையோடு, என்ன நினைத்துத் தொடங்கினாய், எங்கே தடுமாறினாய், ஏன் மாற்றினாய் என்று ஒரு குறிப்பேடும் தர வேண்டும். முடிவில் எல்லோர் முன்னாலும் பேசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் மகனுக்குக் கிடைக்காமல் போனது அந்தத் தடுமாற்றம்தான். நான் காசு கொடுத்து அதை இல்லாமல் செய்துவிட்டேன்.

எண்ணூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர்

சார், மனம் தளர வேண்டாம். பையனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993இல் தொடங்கியது. பத்து முதல் பதினேழு வயது வரை யாரும் கலந்துகொள்ளலாம், ஆங்கிலம் வேண்டியதில்லை. நான் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தேன். எங்கள் பகுதியில் அனல் மின் நிலையச் சாம்பல் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். எட்டாவது படித்த மூன்று பெண்கள் வெள்ளை அட்டையில் வாசலின் தடவி ஜன்னலில் வைத்து, ஒரு நாளில் எத்தனை துகள் ஒட்டுகிறது என்று லென்ஸ் வைத்து எண்ணினார்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதில் ஒரு பெண்ணுக்கு வாசிப்பே தடுமாறும். ஆனால் எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மீனவரான தன் தாத்தாவிடம் தினமும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் கணக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். நாற்பது பேர் வகுப்பில் நான்கைந்து பேருக்குத்தான் என்னால் நேரம் கொடுக்க முடிந்தது. மற்றவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்கவே இல்லை. பள்ளி மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் விருதில் தேர்வானால் மாணவர் கணக்குக்கே பத்தாயிரம் ரூபாய் வரும், நல்ல திட்டம். ஆனால் பிள்ளை "ஏன் சார்?" என்று கேட்கும்போது உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியருக்கு வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கினால், அது அந்தப் பணத்தைவிடப் பெரிய உதவி.

கல்லூரி மாணவி, பெசன்ட் நகர்

நான் ப்ளஸ் ஒன்னில் கடல் ஆமைகள் பற்றிச் செய்தேன். ஜனவரி முதல் இரவு நடைக்குப் போய், இறந்து ஒதுங்கிய ஆமைகளைக் குறித்து வைப்பேன். அந்த வருஷம் இயற்பியலில் நன்றாக அடி வாங்கினேன், அம்மா இன்றும் சொல்வார். ப்ளஸ் டூவில் யாரும் தொடங்காதீர்கள், ஒன்பதாவதுதான் சரியான நேரம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. செய்தியில் அந்த எண்ணைப் பார்த்ததும் என் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அது எனக்கு வெறும் எண்ணாக இல்லை.

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா

அண்ணா நகர் சார், மகள் ஒன்று சொல்லச் சொன்னாள். உங்கள் பகுதிக் கிணறுகளின் கணக்கு அவளிடம் இல்லையாம். தம்பிக்கு விருப்பம் இருந்தால் மீட்டரைத் தருகிறாள். போர்த் தண்ணீரை மேல் தொட்டியிலிருந்து பிடிக்கவே வேண்டாமாம்.