மெக்கானிக்கல் படிப்பவனுக்கு மைனர் தேவையா? வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும்

உசிலம்பட்டி மெக்
வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். மொத்த மதிப்பெண் சராசரி (சிஜிபிஏ) 10-க்கு 7.9, அரியர் கிடையாது. எங்கள் விதிமுறையில் 7.5-க்கு மேல் வைத்திருந்தால் ஐந்தாம் செமஸ்டரிலிருந்து மைனர், அதாவது சொந்தத் துறையோடு இன்னொரு துறையைத் துணையாகப் படிப்பது, எடுக்கலாம். எல்லோருக்கும் உள்ள பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி), அதாவது மூன்று கிரெடிட் பேப்பர் ஆறு. எனக்கு ஆசை டேட்டா அனலிட்டிக்ஸ், அதாவது தரவுப் பகுப்பாய்வு, மீது.

சிக்கல் என்னவென்றால், வகுப்பு நாலரையிலிருந்து ஆறு மணி வரை. கல்லூரிப் பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். ஆரப்பாளையம் வந்து தேனி பஸ் பிடித்து வீடு சேர எட்டரை ஆகிவிடும். பேப்பருக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்வதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. எடுக்கலாமா?

ஒத்தக்கடை
வேண்டாம் தம்பி. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். மைனர் என்று போட்டிருப்பதற்காக ஒருவரை நாங்கள் கூப்பிட்டதே இல்லை. என்ன செய்து காட்டியிருக்கிறான் என்றுதான் பார்க்கிறோம். இதே பாடம் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்பில் பன்னிரண்டு வாரம் ஓடுகிறது. பார்க்கக் காசு வேண்டாம், சான்றிதழ் தேர்வுக்கு 1000 ரூபாய். தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில் தெர்மோடைனமிக்ஸைத் திரும்பப் படி.

வில்லாபுரம் அக்கா
ஒத்தக்கடை அண்ணா, உங்கள் நிறுவனத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் தம்பி மென்பொருள் நிறுவனத்துக்குப் போகிறேன் என்று சொல்லவே இல்லையே.

நானும் மெக்கானிக்கல்தான், மைனராக இதே அனலிட்டிக்ஸ் படித்தேன். இப்போது ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் கெட்டுப்போகிற அறிகுறி முதலில் அதிர்வில் தெரியும், சூடு பிறகுதான் ஏறும். மெஷினில் சென்சார் மாட்டிவிட்டார்கள், எண்கள் வந்து குவிகின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு பேரிங் என்றால் என்னவென்று தெரியாது, பேரிங் தெரிந்தவருக்கு எண்களைப் பார்த்தால் பயம். நான் நடுவில் நிற்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

இலவச கோர்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று முறை பதிவு செய்தேன், மூன்று முறையும் ஐந்தாவது வாரத்தில் நின்றுபோனது. மைனர் வகுப்பில் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், வாரம் ஒரு தேர்வு இருந்தது, அதனால்தான் முடித்தேன். எல்லோருக்கும் தனியாகப் படிக்க வராது.

மேலூர் தாய்
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். மைனர் படிவம் என்று எதுவும் தரவில்லை. நாங்கள் எதையாவது தவறவிட்டுவிட்டோமா?

நாகமலை ஆசிரியர்
இல்லை அம்மா, கவலை வேண்டாம். மைனர் என்று ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் புழங்குகின்றன. பொறியியலில் அது கூடுதல் சுமை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதிரிப் பாடத்திட்டத்தில் 160 கிரெடிட் எடுத்தால் பட்டம், அதற்கு மேல் 18 முதல் 20 வரை எடுத்தால் மைனர், அல்லது சொந்தத் துறையிலேயே கூடுதலாகப் படிக்கும் ஆனர்ஸ். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பு வேறு. அதில் மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டுக்குள்ளேயே 24 மைனருக்கு. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் அந்த இடத்தில் வெகுகாலமாக இருப்பது அலைட் என்கிற துணைப்பாடம். கணிதத்துக்கு இயற்பியலோ புள்ளியியலோ துறையே வைத்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மட்டும் மகள் யோசித்தால் போதும். ஆசிரியர் ஆக நினைத்தால் முதன்மைப் பாடத்தில் குறைவிடக் கூடாது.

தம்பிக்கும் ஒன்று. உனக்கு ஆசை என்கிறாய், சரி. ஆனால் அந்த ஆறு பேப்பரின் பாடத்திட்டத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்தாயா? பெயரைப் பார்த்துச் சேர்ந்து, முதல் மாதமே நிகழ்தகவைக் கண்டு ஒதுங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒத்தக்கடை
அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அவருக்குக் கிடைத்த ஆலை எல்லோருக்கும் கிடைக்காது. தம்பி பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுத நினைத்தால்? மெக்கானிக்கல் தாளில் 100-க்கு 72 மதிப்பெண் துறைப் பாடத்திலிருந்து வருகிறது. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். சரியாக அந்த வருடத்தில்தான் இந்த ஆறு பேப்பரும் கழுத்தைப் பிடிக்கும். எட்டரைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தூங்கத்தான் செய்வான். நானும் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்தவன்தான், அந்த அலுப்பு எனக்குத் தெரியும்.

வில்லாபுரம் அக்கா
மிச்சம் 28-இல் கணிதத்துக்கு 13 இருக்கிறதே அண்ணா, நிகழ்தகவும் புள்ளியியலும் அதில்தானே வருகின்றன? மைனரில் முதலில் படிப்பதும் அவற்றைத்தான். அலுப்பு பற்றிச் சொன்னதை மட்டும் மறுக்க மாட்டேன். நான் நகரத்துக்குள்ளேயே இருந்தேன், இருபது நிமிடத்தில் வீடு. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செக்கானூரணி
அதே தேனி பஸ்ஸில் நாலு வருடம் போனவன் எழுதுகிறேன். நான் மைனரில் சேர்ந்தேன், முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை என்பதுதான் சரி. சேரும்போது இருபது பேர். இரண்டு பேப்பர் முடிந்ததும் ஏழு பேராகிவிட்டோம். ஆள் போதவில்லை என்று கல்லூரி நிறுத்திவிட்டது. அந்த இரண்டு பேப்பரும் மதிப்பெண் பட்டியலில் இருக்கின்றன, பட்டத்தில் மைனர் இல்லை. கட்டிய பணம் போகட்டும், ஒரு வருடத்து மாலைப்பொழுது முழுவதும் போனது. அம்மா தினமும் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் துறைத் தலைவரிடம் நேராகக் கேள். ஆள் குறைந்தாலும் கடைசிவரை நடத்துவார்களா? பாடம் எடுப்பது யார், வெளியிலிருந்து வாரம் ஒருமுறை வருபவரா? பாதியில் விட்டால் படித்த பேப்பரை விருப்பப்பாடமாக மாற்றிக் கணக்கில் எடுப்பார்களா? வாய்ப்பேச்சு போதாது, விதிமுறைப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்.

ஒத்தக்கடை
இந்தக் கேள்விகளை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நன்றி தம்பி.

உசிலம்பட்டி மெக்
எல்லோருக்கும் நன்றி. இன்று கேட்டுவிட்டேன். பாதியில் விட்டால் முடித்த பேப்பரை விருப்பப்பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது, பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை, "பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். ஐந்தாம் செமஸ்டரில் ஒரு பேப்பர்தான், புள்ளியியல். எங்களுக்குக் கணிதம் எடுத்த மேடமே எடுக்கிறார். ஆசிரியர் ஐயா சொன்னபடி பாடத்திட்டத்தையும் படித்தேன். நான்கு பேப்பர் பிடித்திருக்கிறது, இரண்டு சந்தைப்படுத்துதல் பற்றியது, அவற்றில் எனக்கு ஒட்டவில்லை.

படிவம் கொடுக்கிறேன். அந்த ஒரு பேப்பரை முடித்துவிட்டு, டிசம்பரில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறோம் என்று பார்த்து அடுத்ததை முடிவு செய்வேன்.

ஒத்தக்கடை
நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு பேப்பரோடு நின்று பார்ப்பது நல்ல யோசனை. அது விருப்பப்பாடமாக மாறினால் உனக்கு நட்டமில்லை.

வில்லாபுரம் அக்கா
தம்பி, அப்பாவின் லேத்தில் மோட்டார் பக்கத்து பேரிங் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இரு, சூடு எப்போது ஏறுகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. முதல் பேப்பருக்குப் போகும்போது உன்னிடம் உன் சொந்த எண்கள் இருக்கும்.